ஆவுடைத்தாய் ஊருக்குப் போகவில்லை

சீட்டுக் குலுக்கியதில் அந்தக் கட்டில்தான் விழும் என்று பியூலா எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். எதிர்பார்த்தாள். காலையில் பல் விளக்கும்போதே அந்த நினைப்புதான், ஹாஸ்டல் மெஸ்ஸில் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தபோதும் அதே நினைப்புதான், ஆண்டவரே ஆவுடைத்தாய் சித்தியை எனக்கே தாரும் என்று ஜெபம்கூடப் பண்ணினாள், பண்ணிவிட்டு, இதையெல்லாமா அவரிடம் கேட்பது என்று கூசினாள், அவரோ மறுபேச்சில்லாமல் தந்தே விட்டார். பெண்கள் மெடிக்கல் வார்டின் ஜன்னலோரக் கட்டில், சுற்றிலும் பச்சைத் திரை, திரைக்குள் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாகப் பியூலா, கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி ஆவுடைத்தாய். டாக்டராவதற்கு முன்னால் தாண்ட வேண்டிய கடைசிப் பரீட்சை இது. ஒரு நோயாளியை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார்கள், பேசி, தொட்டு, தட்டி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, என்ன நோய் என்று கண்டுபிடித்து வைக்க வேண்டும், மணி அடித்ததும் பரீட்சகர்கள் இருவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், அதில் ஒருவர் வெளியூர்க்காரர். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? இந்த நெஞ்சுக்குள் நடப்பதெல்லாம் பியூலாவுக்கு மனப்பாடம். சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வை ஒட்டவைத்து இடுக்காக்கிவிட்டுப் போயிருக்கிறது, மைட்ரல் ஸ்டெனோசிஸ், ரத்தம் அந்த இடுக்கு வழியாக நெருக்கியடித்துப் போகிற சத்தத்தைத்தான் பரீட்சையில் கேட்பார்கள். ஆவுடைத்தாய் திரையின் இடைவெளி வழியாக வெளியே ஒரு நோட்டம் விட்டுவிட்டு, இடது மார்புக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டி, "இங்கனதான்" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கண்ணைச் சிமிட்டினாள். பியூலாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, அந்தக் கண்ணைப் பார்க்கவே முடியவில்லை.

பெயர், வயது, ஊர், தொழில், எல்லாவற்றையும் கேட்காமலே எழுதினாள். ஆவுடைத்தாய், சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர், பீடி சுற்றுகிற வேலை, படியேறினால் மூச்சு வாங்கும், எழுது எழுது, கை தானாக ஓடியது, நாடி சீராக இருக்கிறது என்றும் எழுதியாயிற்று, இன்னும் மணிக்கட்டைத் தொடவேயில்லை. தொட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று முதல் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் முன்னாலேயே தெரிந்த கேஸில் யார் தொட்டு எழுதுகிறார்கள், விடை தெரிந்த கணக்கை யார் வழிமுறையோடு போடுகிறார்கள், தொட்டுக்கொள்ளலாம், பிறகு தொட்டுக்கொள்ளலாம். போன தடவை இதே பரீட்சையில் தொட்டதும் தட்டியதும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது, கேட்பதுதான் நடக்கவில்லை. ஒரு கிழவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, சத்தம் கேக்குது சார் என்றாள். என்ன சத்தம் என்றார் பரீட்சகர். ஒரு இரைச்சல் சார் என்றாள். அவர் மேலே பார்த்தார், எல்லோரும் மேலே பார்த்தார்கள், ஃபேன் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அது ஃபேனும்மா, என்றார் அவர், சிரிக்காமல்தான் சொன்னார், சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். கூடப் படித்தவர்களெல்லாம் இன்றைக்கு ஹவுஸ் சர்ஜன்கள், அதே வார்டில் அதிகாரமாக ஊசி போட்டுக்கொண்டு, ஏய் பியூலா எப்படியிருக்க என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள், தட்டுவது ஆறுதலா இளக்காரமா என்று தெரியாத தட்டு. தூத்துக்குடியில் அம்மா சர்ச்சில் யார் கேட்டாலும், எங்க பியூலாவுக்கு முடியப் போகுது, இன்னும் கொஞ்சந்தான், என்று சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் ஆராதனை முடிந்ததும் யாரும் பிடித்துக்கொள்வதற்குள் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுகிறாளாம், தங்கச்சி போனில் சொன்னாள். தனக்குக் காது சரியில்லை என்றே பியூலா நம்பிவிட்டாள். காது டாக்டரிடம் போய்ச் சோதித்தும் பார்த்தாள், காதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள், அது அதைவிடப் பெரிய வருத்தமாகப் போயிற்று. இந்த ஆவுடைத்தாயின் நெஞ்சில்தான் முதன்முதலாகக் கேட்டது. ஒரு மத்தியானம், வார்டே கண் அசந்திருந்த நேரம், பக்கத்து வீட்டில் ஆட்டுக்கல் உருளுவது சுவர் வழியாகக் கேட்குமே, அப்படி ஒரு உருளல், முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு எழும்பல், அதற்குப் பிறகு டப்பென்று வால்வு மூடுகிற சத்தம். கேட்டுச்சு, கேட்டுச்சு என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். "கேட்டுட்டா? அப்பாடா, எனக்கும் சந்தோசம் தாயி" என்று ஆவுடைத்தாயும் சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் போய் அதைக் கேட்டாள், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, சாமி கும்பிடுகிற மாதிரி. ஆவுடைத்தாய்க்கு மூச்சை வெளியே விட்டுப் பிடித்துக்கொள்ளவும் இடப்பக்கம் ஒருக்களிக்கவும் சொல்லாமலே பழகிப்போயிற்று.

பரீட்சை நெருங்கினால் வார்டில் சில நோயாளிகளுக்குத் திடீரென்று மவுசு கூடிவிடும். படிக்கிற பிள்ளைகளிடமிருந்து ஆரஞ்சு வரும், ஹார்லிக்ஸ் பாட்டில் வரும், எதிர்க்கட்டில்காரிக்கு ஏன் நமக்கு வரவில்லை என்று மனத்தாங்கல் வரும், நல்ல கேஸ் என்றால் அப்படித்தான், அவர்கள் நெஞ்சில் நோய் நல்லபடியாகக் கேட்கிறது என்று அர்த்தம். ஆவுடைத்தாய்க்கு மூச்சிரைப்பு அடங்கி வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்தபோது, யூனிட்டில் மேல்படிப்பு படிக்கிற டாக்டர் கார்வண்ணன் பியூலாவைக் கூப்பிட்டு, "நல்ல கேஸ், எக்ஸாம் வரைக்கும் இருப்பாங்களான்னு கேட்டுப் பாரு. ஊருக்குப் போகணும்னா பிடிச்சு வைக்காத, மாத்திரை எழுதித் தந்துர்றேன், அவங்க இஷ்டம்" என்றார். அவங்க இஷ்டம். அந்த இரண்டு வார்த்தையையும் பியூலா முழுங்கிவிட்டாள். வராண்டாவைத் தாண்டி வார்டுக்குள் நுழைவதற்குள் அவை தொண்டைக்குக் கீழே இறங்கிவிட்டன, அவ்வளவு சின்ன தூரம். ஆவுடைத்தாய் பையைக்கூடக் கட்டி வைத்திருந்தாள். "எம் மவ மாரிச்செல்விக்கு வளைகாப்பு வருதுல்லா, நல்லவேளை, அதுக்குள்ள விட்டுட்டாவ" என்றாள். அதற்கு முந்தின நாள்வரை பியூலா அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டாள், வார்டில் எல்லோருமே எல்லோருக்கும் அம்மாதான், அதில் பாசமும் கிடையாது பாவமும் கிடையாது. அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சித்தி என்றாள். "சித்தி, பெரிய டாக்டர் இப்ப போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க." எப்படி வந்தது அந்தச் சித்தி? யோசித்து வந்ததா? யோசிக்காமல் வந்தது, அதுதான் பயமாக இருக்கிறது, இவ்வளவு லாகவமாகத் தனக்கு ஏமாற்ற வரும் என்று அன்றுவரை அவளுக்கே தெரியாது. "ஒரு நா போயிட்டு ஓடியாந்துருதேனே தாயி. பெத்தவ இல்லாம எப்படி வளையல் போடுவாவ?" என்று ஆவுடைத்தாய் கெஞ்சினாள். ஒரு டாக்டரிடம் கெஞ்சுகிற மாதிரி. அங்கே டாக்டரே இல்லை, ஒரு தடவை தோற்றுவிட்டு மறு தடவையும் தோற்கப் பயந்த ஒரு பெண் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பஸ்ல அலைச்சல் ஆகாது சித்தி, உங்க நல்லதுக்குத்தான்." "அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஆவுடைத்தாய் பையைப் பிரித்துச் சேலையை வெளியே எடுத்துவைத்தாள். அந்தச் சேலையை எடுத்துவைத்த விதம் இருக்கிறதே. கோபமாக எறிந்திருக்கலாம், முணுமுணுத்திருக்கலாம், ஒன்றும் செய்யவில்லை, மடிப்புக் கலையாமல் வைத்தாள்.

வளைகாப்பு நேற்று முடிந்துவிட்டது. சாயங்காலம் பியூலா போனபோது ஆவுடைத்தாய் போனை நீட்டி, கை நிறைய வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக இருந்த மகளைக் காட்டினாள், "எங்க நாத்தனாதான் முன்ன நின்னு எல்லாம் செஞ்சா, நல்லாத்தான் செஞ்சிருக்கா" என்றாள், குறை சொல்வதற்கு ஆசைப்பட்டு ஒன்றும் அகப்படாதவள் குரலில். பியூலா அழகா இருக்காங்க சித்தி என்று சொல்லிவிட்டு, உடனே ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டாள், மாட்டிக்கொண்டால் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம். இன்றைக்குப் பாஸாகிவிட்டால் நாளைக்கே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், பாஸான பிறகு கேட்பது சுலபம், பாஸான பிறகு எல்லாமே சுலபம், ஒரு நல்ல டாக்டராக இருந்து ஈடு கட்டிவிடலாம், ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கலாம், சங்கரன்கோவில் பக்கமே போய்ப் பார்க்கலாம். சரி, நாடி. எழுதிவிட்டதைத் தொட்டும் பார்த்துவிடுவோம் என்று மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விட்டுவிட்டாள். மறுபடி பிடித்தாள். ஒன்று அடித்தது, உடனே இன்னொன்று அடித்தது, பிறகு ஒன்றுமில்லை, விரலே வேறு யாருடையதோ போல் இருந்தது, பிறகு வேகவேகமாகக் கொத்தாக அடித்துவிட்டு மறுபடி நின்றது. தன் விரலின் துடிப்பாக இருக்கும். பயத்தில் தன் நாடியே இப்படித் துடிக்கிறதாக இருக்கும். போன தடவை ஃபேன், இந்தத் தடவை விரல், யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அடுத்த கையைப் பிடித்தாள். அங்கேயும் அதே தாறுமாறு. நேற்றுச் சாயங்காலம் இந்தக் கையில் சீராக ஓடிக்கொண்டிருந்தது, அதை அவள் விரல் சத்தியம் பண்ணும். இந்த வால்வு நோயில் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இது வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது, இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வந்தால் நுரையீரலில் நீர் ஏறலாம், ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். பியூலா அண்ணாந்து ஆவுடைத்தாயின் முகத்தைப் பார்த்தாள், இன்றைக்கு முதன்முறையாகப் பார்த்தாள். நெற்றியெல்லாம் பொடிப்பொடியாக வேர்வை. ஒரு தலையணையோடு படுக்கிறவள் இன்றைக்கு ஏன் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்கிறாள், அதை உள்ளே வந்ததுமே பார்த்தாளே, பார்த்தும் எப்படிப் பார்க்காமல் போனாள்?

"மூச்சு வாங்குதா சித்தி?" "இல்ல தாயி, நீ பாரு." வாங்குகிறது. கழுத்து நரம்பு எழும்பியிருக்கிறது, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு இழுப்பு இருக்கிறது. இப்போது எழுந்து நின்று டாக்டர் கார்வண்ணனைக் கூப்பிட வேண்டும், அவர் வார்டு வாசலில்தான் நிற்கிறார், திரையை விலக்கிக் குரல் கொடுத்தால் போதும். கூப்பிட்டால் இவளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், பியூலாவுக்கு வேறு கட்டில் தருவார்கள், அங்கே யாரோ, என்ன நோயோ, பாதி நேரம் போய்விட்டது, அந்த நெஞ்சில் ஃபேன்தான் கேட்கும். கூப்பிடத்தான் போகிறாள், கூப்பிடாமலா இருப்பாள், அவ்வளவு மோசமானவளா அவள், ஒரே ஒரு தடவை கேட்டுக்கொண்டு கூப்பிடலாம், கேட்டால்தானே அவர்களிடம் விவரம் சொல்ல முடியும், இதுகூட நோயாளிக்காகத்தானே, ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும். ஆவுடைத்தாய் சொல்லாமலே இடப்பக்கம் ஒருக்களித்தாள், ஒருக்களித்ததும் இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள், பியூலா கேட்டாள். உருளல் இருந்தது, அந்தக் கடைசிச் சின்ன எழும்பல் இல்லை. மேலறை சுருங்கினால்தான் அது உண்டு, சுருங்கவில்லை, ஆகவே இல்லை, எவ்வளவு சரியாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே இருக்கிறது, அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமே வந்தது, ஆமாம், சந்தோஷம், கேட்டுவிட்டோம் என்ற அற்பச் சந்தோஷம், உடனே தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. முதுகைத் திருப்பி நுரையீரலின் அடியிலும் வைத்துப் பார்த்தாள், நொறுநொறுவென்று நீர் ஏறிய சத்தம். எல்லாம் கேட்டாயிற்று, ஒன்றுகூட விட்டுப் போகவில்லை. பிறகுதான் கேட்டாள், "எப்பலேர்ந்து சித்தி இப்படி?" ஆவுடைத்தாய் மறுபடி வெளியே பார்த்தாள். "விடியக்காலையில இருந்தே நெஞ்சு படபடன்னுதான் அடிக்கி. நர்ஸம்மாட்ட சொன்னா வேற எங்கயாச்சும் தூக்கிட்டுப் போயிருவாவ. உனக்குப் பரிச்ச கெட்டுருமேன்னு சொல்லாம கெடக்கேன். நீ முடிச்சிரு தாயி, பெறகு சொல்லிக்கிடலாம்."

பியூலா எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டு விழுந்தது. என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை, சார் என்றாளா, யாராவது வாங்க என்றாளா, திரை விலகியது, கார்வண்ணன் ஓடி வந்து நாடியைப் பிடித்தார், ஃபிப்ரிலேஷன் சார் என்றாள், ஆக்சிஜன் வந்தது, ஈசிஜி எடுக்கிற ஒயர்களெல்லாம் வந்து ஆவுடைத்தாயின் மேல் விழுந்தன, பக்கத்துத் திரைகளிலிருந்து பரீட்சை எழுதுகிற தலைகள் எட்டிப் பார்த்தன. "காலைலேர்ந்து சொல்லலையேம்மா நீங்க" என்று நர்ஸ் ஆவுடைத்தாயைத்தான் சத்தம் போட்டாள். ஆவுடைத்தாய் மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ பதில் சொன்னாள், கேட்கவில்லை, நல்லவேளை கேட்கவில்லை, ஐயோ எதற்கெல்லாம் நல்லவேளை என்று நினைக்கிறோம். ஊருக்குப் போயிருந்தால் இது பஸ்ஸில் வந்திருக்கும், பஸ்ஸில் வந்திருந்தால் அவ்வளவுதான், இங்கே இருந்ததால்தான் பிழைத்தாள், அப்படிப் பார்த்தால் நிறுத்தி வைத்தது ஒரு வகையில் நல்லதாயிற்று. அந்த நினைப்பை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஊரில் இருந்திருந்தால் நெஞ்சு படபடத்ததும் மகளிடம் சொல்லியிருப்பாளே, யாருடைய பரீட்சைக்காகவும் வாயைப் பொத்திக்கொண்டு விடியும்வரை, விடிந்த பிறகும், கிடந்திருக்க மாட்டாளே. அப்புறம் அந்த ஒரே ஒரு தடவை. கூப்பிட்டுவிட்டுக் கேட்கவில்லை, கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டாள், இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் இப்படியேதான் இருக்கிறது. ஆவுடைத்தாயை டிராலிக்கு மாற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள், ஐ.சி.யூ. பக்கமாக, சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே போயிற்று. வெறும் கட்டிலின் அருகே பியூலா நின்றாள். மணி அடித்தது.

பரீட்சகர்கள் வந்தார்கள். உள்ளூர்ப் பேராசிரியர் கட்டிலைப் பார்த்துவிட்டு, வேறு கேஸ் கொடுத்துரலாமா சார் என்றார். "எதுக்கு? எக்ஸாமினேஷன் முடிச்சிட்டியாம்மா?" என்று வெளியூர்க்காரர் பியூலாவைக் கேட்டார். முடிச்சிட்டேன் சார் என்றாள். முடித்திருக்கிறாளே, அதற்காகத்தானே. அவர் முகத்தில் ஒரு பிரியம் தெரிந்தது, வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஃபிப்ரிலேஷன்னு நீதான் பிடிச்சியாமே, வெரி குட். அது பழசா, புதுசா வந்ததா? ட்ரீட்மென்ட்டே அதை வெச்சுத்தான்" என்றார். புதுசு சார். "எப்படிச் சொல்ற?" காலையிலிருந்துதான் படபடப்புன்னு பேஷன்ட் சொன்னாங்க என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட, அதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, வாயும் அதற்குத்தான் தயாராக இருந்தது. ஆனால் வந்தது வேறு. "நேத்து சாயங்காலம் நானே நாடி பார்த்தேன் சார், சீராத்தான் இருந்துச்சு. தினமும் பார்ப்பேன். எனக்கு முன்னாடியே தெரிஞ்ச கேஸ் சார் இது. அவங்க வீட்டுக்குப் போறதா இருந்தாங்க, மகளுக்கு வளைகாப்பு, நான்தான் சார் பெரிய டாக்டர் சொன்னாருன்னு பொய் சொல்லி நிறுத்தி வெச்சேன், என் பரீட்சைக்காக. இன்னிக்கும் உடனே கூப்பிடல சார், கேட்டு முடிச்சிட்டுத்தான்..." சொல்லிவிட்டாள், இனி அவர் கத்தட்டும், வெளியே போ என்று சொல்லட்டும், இந்தத் தடவையும் தோற்கட்டும், அம்மா இன்னும் ஒரு வருஷம் பின்வாசல் வழியாகவே போகட்டும். அதற்காகவே காத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். உள்ளூர்ப் பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியூர்க்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், அவருக்குக் கோபமே வரவில்லை. "அதெல்லாம் இப்ப உன்னை யாரும்மா கேட்டா? எல்லா காலேஜ்லயும் நடக்கறதுதான், நாங்களும் அப்படித்தான் பாஸ் பண்ணி வந்தோம். கண்ணைத் துடைச்சுக்கோ. டயக்னோசிஸ் சொல்லு." பியூலா நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே அவர் டயக்னோசிஸுக்காகத்தான் காத்திருந்தார். கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தலையணைகள் அப்படியே அடுக்கியிருந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள், வால்வு எது, எவ்வளவு சுருங்கியிருக்கிறது, தாளம் எப்படி, நுரையீரலில் என்ன, ஒவ்வொன்றாக, வரிசையாக, ஒரு பிழையும் இல்லாமல்.